ஓர் ஊசி, ஆறு கணக்கு: படிவம் வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொது சுகாதாரத்தில் படிவம் வகுப்பவர்கள், அறிக்கை கேட்பவர்கள், மென்பொருளில் இன்னும் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. முப்பத்தொரு ஆண்டுகளாக நான் பார்த்ததெல்லாம் சுற்றறிக்கையின் அடியில் இருக்கும் கையொப்பமும், மேலே சிவப்பு மையில் குத்திய ‘மிக அவசரம்’ என்ற முத்திரையும்தான். ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் புள்ளியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துணை சுகாதார நிலையங்களிலிருந்து வரும் எண்களைக் கூட்டி மேலே அனுப்புவது என் வேலை. கூட்டிய காலத்தில் சொல்ல முடியாத சிலவற்றை இப்போது சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். புதன் என்றால் தடுப்பூசி நாள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கன்வாடித் திண்ணையில் கிராம சுகாதார செவிலியர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே நான்கு ஐஸ் பொதிகள். ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தொடையில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போடுகிறார். குழந்தை வீறிடுகிறது, தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுகிறார். ஊசி போட்டது முப்பது விநாடி. பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது.

தாய் சேய் நல அட்டையில் தேதி எழுத வேண்டும். தடுப்பூசிப் பதிவேட்டில் ஒரு வரி. அன்றைய அமர்வின் கூட்டல் தாளில் ஒரு கோடு. கைப்பேசியில், மத்திய அரசின் தடுப்பூசிச் செயலியான யூ-வினில் ஒரு பதிவு. தாயின் பதிவு இருக்கும் மாநில மென்பொருளான பிக்மியில் இன்னொரு முறை. மாலையில் வாட்ஸ்அப் குழுவில், ‘இன்று தடுப்பூசி போட்ட குழந்தைகள், துணை நிலைய வாரியாக, 4 மணிக்குள்’ என்று வரும் கேள்விக்கு ஒரு எண். ஓர் ஊசிக்கு ஆறு கணக்கு. மாத இறுதியில் ஹெச்.எம்.ஐ.எஸ். என்ற, நாடு முழுவதற்குமான சுகாதாரத் தகவல் மென்பொருளின் மாதப் படிவத்துக்காக அதே ஊசியை நான் ஏழாவது முறையாகக் கூட்டினேன் என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒன்பது மாதக் குழந்தைக்கு எம்.ஆர். என்ற தட்டம்மை-ருபெல்லா ஊசி போட வேண்டியிருந்தால், கரைத்த குப்பியை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். அந்தக் கடிகாரம் ஒரு பக்கம் ஓடுகிறது, உங்கள் நான்கு மணிக் கடிகாரம் மறு பக்கம் ஓடுகிறது. “சார், ஊசியை முதலில் போடட்டுமா, எண்ணை முதலில் போடட்டுமா?” என்று ஒரு சிஸ்டர் ஒருநாள் என்னிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சந்தேகமாகவே கேட்டார்.

இந்த மென்பொருள்களைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல காரணத்துக்காகவே வந்தது. 2008இல் ஹெச்.எம்.ஐ.எஸ். வருவதற்கு முன்பு, மாத அறிக்கையைக் கார்பன் தாள் வைத்து நான்கு படி எடுத்து, நான்காவது படியில் 3 எது 8 எது என்று தெரியாமல் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். தொற்றுநோய்க் கண்காணிப்பு 2021இல் முழுவதும் இணையத்துக்கு வந்தபோது, வாரக் கடைசிவரை காத்திருந்த காய்ச்சல் கணக்கு அன்றன்றைக்கே போகத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் புதியது ஒன்று வந்தபோது பழையது ஒன்று போனதை நான் பார்த்ததே இல்லை. என் பணிக்காலத்தில் எத்தனையோ பதிவேடுகளைத் தொடங்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. ஒரு பதிவேட்டை முடித்து வைக்கச் சொல்லி ஒரே ஒரு உத்தரவுகூட வரவில்லை.

கணினியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை மறுபடியும் ஏன் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். கேட்கும் அலுவலருக்கு அந்த மென்பொருளில் நுழைய அனுமதி இருக்காது. அல்லது அனுமதி இருக்கும், கடவுச்சொல் வேறொரு உதவியாளரிடம் இருக்கும். அல்லது எல்லாம் இருக்கும், ஆனால் நாளைக் காலை ஆய்வுக் கூட்டத்தில் வைக்கும் அட்டவணைக்கு வேறு தலைப்பு வேண்டும். ஆகவே ஒரு கூகுள் ஷீட் பிறக்கிறது. அது மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கும் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கெடு ஒரு மணி நேரம் முன்னால் நகர்கிறது. அங்கே 6 மணி என்றால் செவிலியருக்கு அது 3 மணி. பெரும்பாலும் அந்த அட்டவணையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு பத்தியை நான் வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டு மூன்று மாதம் அனுப்பினேன். ஒருவரும் கேட்கவில்லை. நான்காம் மாதம் பயந்துபோய் நிரப்பினேன்.

இனி, தாய்வீட்டுக்கு வருகிறேன். நம் ஊர்க் கணக்கில் மிகவும் சிக்கலான இடம் அதுதான்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள். அவளைக் கர்ப்பிணியாகப் பதிந்தது கணவன் ஊர்ச் செவிலியர். பிரசவம் நடப்பது தாய்வீட்டுக்குப் பக்கத்து நகரின் அரசு மருத்துவமனையில். குழந்தைக்கு முதல் இரண்டு தவணை ஊசி போடுவது தாய்வீட்டுச் செவிலியர். மூன்றாம் மாதம் கணவன் வீட்டுக்குத் திரும்பி, அடுத்த தவணை அங்கே. தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைத் தருகிறோமே, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்வரை கேட்கிறோமே, அந்த எண்ணின் பயனே இதுதான். பெண் எங்கே போனாலும் அவளோடு கணக்கும் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நாம் மற்ற மாநிலங்களுக்கு முன்பே யோசித்தவர்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் மாத அறிக்கை வேறு கணக்கைக் கேட்கிறது. பிரசவம் எந்த நிலையத்தில் நடந்ததோ அந்த நிலையத்தின் கணக்கு அது. பெயர் வாரிப் பதிவோ அவள் எந்த ஊர்க்காரி என்பதைக் கேட்கிறது. ஒன்று நிகழ்ந்த இடத்துக் கணக்கு, மற்றது குடியிருக்கும் இடத்துக் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. ஒரு கிராமத்தில் 40 கர்ப்பிணிகள் பதிவாகி, அங்குள்ள நிலையத்தில் 6 பிரசவம் நடந்தால் அது தவறே அல்ல. 34 பெண்கள் தாய்வீட்டிலோ பெரிய மருத்துவமனையிலோ பெற்றெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதை ஒரு வரியில் எழுதிச் சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தால் போதும். வந்ததோ, ‘இரு அறிக்கைகளுக்கும் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் அளிக்கவும்’ என்ற குறிப்பாணை. விளக்கம் எழுதி எழுதிச் சலித்தபின் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பென்சிலை எடுத்தோம். கூட வேண்டியதைக் கூட்டி, குறைய வேண்டியதைக் குறைத்து, இரண்டையும் ஒத்துப்போக வைத்தோம். அடுத்த கூட்டத்தில் எங்கள் வட்டாரத்தின் ‘தரவுத் தரம்’ பாராட்டப்பட்டது. கைதட்டலும் கிடைத்தது. நானும் எழுந்து நின்று வணங்கினேன்.

கர்ப்பிணிப் பதிவு இலக்கின் கதை இதற்குத் தம்பி. 5,000 பேர் வாழும் பகுதி, ஆயிரத்துக்கு 14 பிறப்பு என்றால் ஆண்டுக்கு 70 குழந்தைகள். கருச்சிதைவு முதலியவற்றுக்காகப் பத்து சதவீதம் கூட்டி 77 கர்ப்பிணிகள். இதுதான் சூத்திரம், தப்பில்லாத சூத்திரம். ஆனால் அந்த 5,000 எங்கிருந்து வந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. பழைய எண்ணையே ஆண்டுதோறும் சற்று ஊதிப் பெருக்கிக்கொண்டு வந்தார்கள். இடையில் பாதித் தெரு திருப்பூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்துவிட்டது. மீதி இருப்பவர்கள் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்ற அளவுக்கு மாநிலம் இறங்கிவிட்டதை பிறப்பு இறப்பை மதிப்பிடும் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கே சொல்கிறது. இருந்தும், 52 கர்ப்பிணிகளைப் பதிந்த சிஸ்டரிடம், “மீதி 25 பேர் எங்கே?” என்று கேட்கிறோம். அவர் எங்கே போவார்? “சார், நானா பெற்றுத் தர முடியும்?” என்று ஒருவர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அவருக்குக் குறிப்பாணை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

எண்ணுக்குத் தண்டனை இருந்தால் எண் அழகாகிவிடும். ஏதாவது ஒரு பழைய பிரசவப் பதிவேட்டை எடுத்துப் பிறப்பு எடைப் பத்தியைப் பாருங்கள். 2.5, 2.5, 2.6, 2.5, 3.0, 2.5. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை. அதற்குத் தனிப் படிவம், தனித் தொடர் வருகை, தனி விளக்கம். 2.4 காட்டிய தராசு முள்ளை 2.5 என்று வாசிக்க ஒரு களைத்த கண்ணுக்கு அதிக நேரம் ஆகாது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, இரவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். பலியாவது அந்த 2.4 கிலோக் குழந்தை. அதற்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் கவனம் ஒரு தசமப் புள்ளியில் காணாமல் போகிறது.

சுழியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நடக்கவில்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு. நான் பயன்படுத்திய படிவங்களில் பெரும்பாலானவை கட்டத்தை வெறுமையாக விட அனுமதிக்கவில்லை. ஹீமோகுளோபின் பார்க்கும் பட்டை தீர்ந்துபோன மாதத்திலும், ‘கடும் ரத்தசோகை: 0’ என்று எழுதித்தான் அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்தது. மேலே இருந்து பார்ப்பவருக்கு அது நல்ல செய்தி. எதுவும் நடக்கவில்லை என்று சொல்லும் இன்மை அறிக்கை என்று ஒன்றை நாம் இத்தனை காலமாக வாங்கிக்கொண்டிருக்கிறோமே, அதில் எத்தனை உண்மையான இன்மை, எத்தனை பட்டை இன்மை என்று யாரால் சொல்ல முடியும்?

இதுவரை மேலே போகும் எண்ணைப் பற்றிச் சொன்னேன். கீழே திரும்பி வராத எண்ணைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே 1 கிராம சபை. வார்டு உறுப்பினர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எழுந்து கேட்டார்: “நம் பஞ்சாயத்தில் போன வருடம் எத்தனை கர்ப்பிணிகள், அதில் எத்தனை பேருக்கு ரத்தம் குறைவு?” அந்த எண் என் பையில் இருந்தது. முந்தைய நாள்தான் ஆண்டறிக்கைக்காகக் கூட்டியிருந்தேன். மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “மேலிடத்து அனுமதி வாங்கித் தருகிறோம் அம்மா” என்றேன். எந்தச் சட்டம் அதைத் தடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழக்கம்தான் தடுத்தது.

அவர் விடவில்லை. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். மனு சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்தது. பதிலை நானே வரைந்தேன்: ‘தாங்கள் கோரும் தகவல் பஞ்சாயத்து வாரியாகத் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை. தேடித் தொகுத்து வழங்குவது அலுவலகத்தின் அன்றாடப் பணியைப் பாதிக்கும் என்பதால், பிரிவு 7(9)இன்படி வழங்க இயலவில்லை.’ இருபத்தொன்பதாம் நாள் அஞ்சலில் சேர்த்தோம். முப்பது நாள் கெடு தவறவில்லை என்பதில் எங்களுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அந்தப் பிரிவை ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கேட்ட வடிவில் தருவது அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால் வேறு வடிவில் தரலாம் என்பதற்குத்தான் அது இடம் கொடுக்கிறது. தகவலையே மறுப்பதற்கு அல்ல. பதிவேட்டைக் காட்டி, பெயர்களை மறைத்து, “பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்” என்றாவது சொல்லியிருக்கலாம். அதைவிட முக்கியமானது பிரிவு 4. கேட்பதற்கு முன்பே, கேட்கத் தேவையில்லாதபடி, அலுவலகம் தானாகவே தகவலை வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும் என்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், நாட்டில் முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. ஆனால் இன்றைக்கும் தானாக வெளியிட வேண்டும் என்று பிரிவு 4 பட்டியலிடும் 17 இனங்கள் என்றால் பல அலுவலக இணையப் பக்கங்களில் கிடைப்பது பதவிகளின் பட்டியலும் சம்பள விகிதமும்தான். எந்த ஊரில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று கேட்கும் பெண்ணுக்கு அலுவலக உதவியாளரின் சம்பள விகிதம் எதற்கு?

உங்களிடம் கேட்பவற்றில் செலவு வைக்கும் விஷயம் அநேகமாக எதுவும் இல்லை.

கணினியில் ஒருமுறை ஏறிய எண்ணை மறுபடியும் மனிதரிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு அந்த மென்பொருளில் அனுமதி இல்லை என்றால், அனுமதி தர வேண்டியவர் உங்கள் அடுத்த அறையில் இருக்கிறார். செவிலியர் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எண் கேட்பது அவசரகாலத்துக்கு மட்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். டெங்கு பரவும் வாரத்தில் கேளுங்கள், வெள்ளம் வந்தால் கேளுங்கள், தருவார்கள். நள்ளிரவிலும் தந்திருக்கிறார்கள். தினமும் அவசரம் என்றால் எதுதான் அவசரம்?

புதிய படிவத்துக்கு ஒப்புதல் தரும் கோப்பிலேயே எந்தப் பழைய படிவம் நீக்கப்படுகிறது என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் காலாவதித் தேதியும் இருக்கட்டும். மாத்திரை அட்டைக்கு இருக்கிறது, குப்பிக்கு இருக்கிறது, படிவத்துக்கு மட்டும் ஏன் இல்லை? கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுத இடம் விடுங்கள். நிகழ்ந்த இடத்துக் கணக்கையும் குடியிருப்புக் கணக்கையும் ஒத்துப்போகச் செய்யும்படி கேட்காதீர்கள். எண் குறைந்தால் முதலில் குறிப்பாணை அனுப்பாமல், வண்டி ஏறி வந்து பாருங்கள். 2.4ஐ 2.4 என்று எழுதும் துணிவு அப்போது தானாக வரும்.

பிறகு, ஒரே ஒரு தாள். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் சுவரிலும், பஞ்சாயத்து அலுவலகத்தின் பலகையிலும், மாதம் ஒருமுறை தமிழில் ஒட்டும் தாள். பிறப்பு எத்தனை, ரத்தசோகை எத்தனை, விடுபட்ட தடுப்பூசி எத்தனை, காய்ச்சல் எத்தனை, கொசுப்புழு இருந்த வீடு எத்தனை. பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். ஒன்று இரண்டு என்று மிகக் குறைவாக இருந்தால் ‘ஐந்துக்கும் குறைவு’ என்று போடுங்கள். சின்ன ஊரில் ‘ஒன்று’ என்று எழுதினால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாருக்கு எய்ட்ஸ், யார் கருக்கலைத்தார் என்பதெல்லாம் ஊருக்குப் போகவே கூடாத தகவல், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டிக் கொசுப்புழுக் கணக்கையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறோம். தங்கள் ஊரில் டெங்கு இருக்கிறது என்பதை ஊர்க்காரர்கள் நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை எங்கள் வட்டாரத்திலேயே நடந்தது. அந்த நாளிதழுக்குப் போன எண் எங்களிடமிருந்து போனதுதான்.

அந்தத் தாளைச் செவிலியரே தயாரிக்க வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து உத்தரவு போட்டுவிடாதீர்கள். மென்பொருளே அச்சிடட்டும். இல்லையென்றால் அது எட்டாவது கணக்காகிவிடும்.

அந்த வார்டு உறுப்பினர் இப்போது பதவியில் இல்லை. போன மாதம் வாரச் சந்தையில் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “இப்போது ஓய்வு பெற்றுவிட்டீர்களே சார், இப்போதாவது சொல்லலாம் அல்லவா, எத்தனை பேர்?” என்றார். எனக்கு எண் மறந்திருக்கவில்லை. “நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது” என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். “பாதியா? அப்போதே சொல்லியிருந்தால் நூறு நாள் வேலையில் வீட்டுக்கு ஒரு முருங்கை நட்டிருப்போமே சார்” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் ஒருவர்